திரையில்லாத டேப்லெட்: பழைய ஐடியா, இன்னைக்கும் நல்ல ஐடியா

போன வாரம் என் சித்தப்பா பொண்ணு போன் பண்ணா. அனிமேஷன் படிப்புல சேர்ந்திருக்கா. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில இருக்கு. "அண்ணா, ஸ்க்ரீன் வெச்ச டேப்லெட் வாங்கவா, இல்லாதது வாங்கவா? இல்லாததுல வரையவே வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க"ன்னு கேட்டா. பதில் சொல்ல நான் 1960களுக்குப் போக வேண்டியதாப் போச்சு.

1963. எம்.ஐ.டி.யில ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' செஞ்சார். லைட் பென்னை நேரா திரைமேலயே வெச்சு வரையணும். அசத்தலான விஷயம்தான். ஆனா நிமிர்ந்து நிக்கிற திரைக்கு முன்னாடி கையைத் தூக்கியே வெச்சிருந்தா தோள்பட்டை போயிடும். வரையிற இடத்தை நம்ம கையே மறைக்கும்.

அடுத்த வருஷம், 1964ல, கலிபோர்னியாவுல இருக்கிற ராண்ட் நிறுவனத்துல டேவிஸ், எல்லிஸ்னு ரெண்டு பேர் வேற வழி கண்டுபிடிச்சாங்க. மேஜைமேல ஒரு பலகை. வரையிற பரப்பு 10க்கு 10 அங்குலம். அதுக்குள்ள மெல்லிய செம்புக் கோடுகள், அங்குலத்துக்கு 100. ஒவ்வொரு கோட்டுலயும் தனித்தனி சிக்னல் ஓடும். பேனா அதைப் பிடிச்சு, தான் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிடும். கை மேஜையில, கண்ணு திரையில. மனுஷங்க இதுக்கு சீக்கிரமே பழகிடுறாங்கன்னும் கவனிச்சாங்க. ஒரே சிக்கல், விலை சுமார் 18,000 டாலர்!

அந்தப் பேனாவுக்கு ஒயர் உண்டு. அதை வெட்டிவிட்டது ஜப்பான். 1983ல தொடங்கின வாகாம், அடுத்த வருஷமே ஒயரில்லாத பேனாவைக் கொண்டு வந்தது. பேனாவுக்குள்ள ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர். பலகை அனுப்புற மின்காந்த அலையிலேயே பேனாவுக்குத் தேவையான சக்தி கிடைச்சிடும். அதனால பேட்டரியே வேண்டாம். இன்னைக்குப் பல கம்பெனிகள் இந்த வகைப் பேனாவை ரொம்பக் கம்மி விலைக்கே தர்றாங்க.

இப்போ தங்கச்சிக்கு என் பதில். திரையில்லாத டேப்லெட்டை ஏழைகளோட மாடல்னு நினைக்காதே. கை வலிக்கும் கை மறைக்கிறதுக்கும் தீர்வா வந்த டிசைன் அது. நானும் முதல் வாரம் ஒரு வட்டம்கூட ஒழுங்கா போட முடியாம, அட்டைப்பெட்டியில திருப்பி வெச்சுட்டேன். பொறுமையா எடுத்துப் பழகினேன், மூணாவது வாரம் கை தானா ஓடுச்சு.

வாங்கும்போது மூணு விஷயம் பாரு. ஒண்ணு, பேனாவுக்கு சார்ஜ் வேணுமா? ரெண்டு, மெல்லத் தொட்டாலே கோடு விழுதா? 8,192 பிரஷர் லெவல்ங்கிற நம்பரைவிட இதுதான் முக்கியம். மூணு, உன் மேஜையில கீபோர்டோட சேர்ந்து அது உக்காருமா?

மீதிக் காசை பத்திரமா வை. ஒரு வருஷம் வரைஞ்ச பிறகும் ஸ்க்ரீன் வேணும்னு தோணினா, அப்போ வாங்கிக்கலாம்.