இடுப்பெலும்பு முறிவு: முழு மயக்கமா, முள்ளந்தண்டு ஊசியா?

எமது வீடுகளில் அம்மாவோ ஐயாவோ குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், வைத்தியசாலையில் சில மணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வரும். முழு மயக்கம் கொடுப்பதா, முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்வதா? "வயசான ஆள், மயக்கினால் எழும்பமாட்டா" என்பார் ஒருவர். "முதுகில ஊசி போட்டால் சாகுமட்டும் நாரிவலி" என்பார் இன்னொருவர். பாஷை விளங்காத பெற்றோருக்கும் வைத்தியருக்கும் நடுவில் நாம் நிற்போம்.

ஆய்வுகள் காட்டுவது

2021இல் வெளியான ‘ரீகெய்ன்’ ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 வைத்தியசாலைகளில் 50 வயதும் அதற்கு மேலுமான 1,600 பேரிடம் நடந்தது. 60 நாட்களில் இறந்தவர்களும் தனியே நடக்க முடியாமற் போனவர்களும் சேர்ந்து முள்ளந்தண்டு ஊசிப் பிரிவில் 18.5 வீதம், முழு மயக்கப் பிரிவில் 18.0 வீதம். இறந்தவர்கள் மட்டும் 3.9, 4.1 வீதம்.

சத்திரசிகிச்சைக்குப் பின் இடம், காலம் தெரியாமற் பிதற்றும் மனக்குழப்பமும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சீனாவில் 65 வயதும் அதற்கு மேலுமான 950 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ‘ராகா’ ஆய்விலும் மனக்குழப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

கணக்கெழுதிப் பழகிய எமக்கு இது ஐந்தொகையை மாற்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் சராசரி வேறு, எங்கள் அம்மா வேறு. குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவருக்கு முள்ளந்தண்டு ஊசி உடனடியாகப் பொருந்தாமற் போகலாம். இதய வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தாலும் மிகுந்த அவதானம் வேண்டும். நெஞ்சு வருத்தம் கூடியவருக்கு அந்த ஊசியே நல்லதென வைத்தியர் கருதலாம்.

கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

பிரித்தானிய வழிகாட்டல், அனுமதித்த அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை நடக்க வேண்டும் என்கிறது. மறுநாளே கட்டிலை விட்டு எழுப்பி நடக்கப் பழக்குவதும் அதே வழிகாட்டலில் உண்டு. "பாவம், படுக்கட்டும்" என்று நாம் தடுப்பது அன்பாகத் தெரிந்தாலும், படுக்கையே நியூமோனியாவையும் கால் நாளத்தில் குருதிக் கட்டியையும் கொண்டுவரும். காத்திருக்கும் நேரத்தில் இடுப்பின் நரம்பருகே போடும் விறைப்பு ஊசி வலியைக் குறைக்கும். அதைக் கேட்டுப் பெறலாம்.

நாம் செய்யக்கூடியவை

எடுக்கும் மருந்துகளின் பட்டியலை, முக்கியமாகக் குருதி மருந்தை, முதலிலேயே கொடுங்கள். நாட்டுமருந்தும் அதில் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பொய்ப்பல் கட்டிலருகே இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு விடாதீர்கள். கண்விழித்ததும் தமிழில் பேச ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனக்குழப்பம் தணிய உதவும்.

கடைசியாக ஒன்று. புத்தி தெளிவாக உள்ளவரை அம்மாவின் உடம்பு பற்றிய முடிவு அம்மாவுடையது. அவ பயப்படுவா என்று மறைத்துவிட்டு நாமே தலையாட்டுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. நாடு விட்டு நாடு வந்து பிழைத்தவ, இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுவா. விளங்கும்படி சொல்லிக் கேட்பதே எங்கள் வேலை.