ஐபாட் போட்ட கேசட் வேடம்

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது பழைய கேசட் ஒன்று கிடைத்தது. பார்க்க அசல் கேசட்தான், ஆனால் உள்ளே நாடா கிடையாது. ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும், நுனியில் ஹெட்போன் பின் இருக்கும். "இது என்ன தாத்தா?" என்றாள் பேத்தி. அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன்.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை பழையது. அமெரிக்காவில் 1930-லேயே மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்பனைக்கு வந்தது. மோட்டார் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்தான் அது. 1956-ல் கிரைஸ்லர் கம்பெனி காருக்குள் இசைத்தட்டுப் பெட்டியையே வைத்துப் பார்த்தது. பள்ளத்தில் இறங்கினால் ஊசி குதிக்காதா? அது நிலைக்கவில்லை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்திய பிறகுதான் நாம் விரும்பிய பாட்டு நம்மோடு காரில் ஏறியது.

நம் பக்கத்துக் கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் அது. அம்பாசிடரோ பியட்டோ வாங்கியவர்கள் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஸ்டீரியோவைத் தனியாகப் பொருத்திக்கொள்வார்கள். 1979-ல் சோனி வாக்மேன் வந்தது. கொஞ்ச நாளில் பர்மா பஜாரிலும் கிடைத்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வாக்மேனுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பலாதேர்'. உலாத்துகிறவன் என்று பொருள். எனக்கு நம் கோயில்தான் ஞாபகம் வரும். காரில் பதித்த ஸ்டீரியோ மூலவர், கையில் வரும் பெட்டி உற்சவர்.

இனி என் வீட்டுக் கதை. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது என் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து, அங்கே சொல்தாவாகப் போய்விட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே எழுபதுகளில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் அனுப்பினோம். டேப் ரெக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்து சிவப்புப் பொத்தானை அழுத்துவது என் வேலை. அம்மா அதன் முன் உட்கார்ந்து மகனிடம் நேரில் பேசுவதுபோலவே பேசுவாள். அந்தக் கேசட்டுகள் எல்லாம் பிரான்சுக்குப் போயின. 1984-ல் அம்மா காலமான பிறகுதான், அவள் குரல் எங்களிடம் ஒரு துளிகூட இல்லை என்பது உறைத்தது.

2009-ல் நான் பணி ஓய்வு பெற்றேன். அண்ணன் அதற்குள் தவறியிருந்தார். அந்த ஆண்டு அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்து, மாமல்லபுரத்தில் என் அக்கா வீட்டில் தங்கினான். அக்கா மகன் செங்கல்பட்டுக்கு வந்து என்னைத் தன் காரில் அழைத்துப் போனான். அது சான் ஸ்டார்ம் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். கோவாவில் செய்தது, ஃபைபர் உடம்பு, ரெனோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி என்ஜின், இரண்டே இருக்கை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது என் இடுப்பு தனியாக வந்ததுபோல் இருந்தது.

அண்ணன் மகன் ஒரு ஐபாடை எடுத்தான். "சித்தப்பா, இதுல பாட்டி இருக்காங்க" என்றான். அண்ணன் பத்திரப்படுத்திய கேசட்டுகளில் ஒன்று மட்டும் ஓடியதாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இதில் கொண்டுவந்திருந்தான். அக்காவுக்குக் காது கேட்கும் கருவி உண்டு. அதோடு இயர்போன் நிற்கவில்லை. வீட்டில் வேறு ஸ்பீக்கரும் இல்லை. "கார் ஸ்டீரியோவில் போடலாம்" என்றான் அக்கா மகன்.

சொல்வது சுலபம். 2001-ல் ஐபாட் வந்தபோது கார்களில் அதற்கு வாசலே இல்லை. 2004-ல் பி.எம்.டபிள்யூ.தான் முதலில் ஐபாடுக்கு நேர் இணைப்புக் கொடுத்தது. இசட் 4 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அது உண்டு. அதே பி.எம்.டபிள்யூ. 2007-ல் எங்கள் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தது. ஆனால் அக்கா மகன் வண்டியில் கடையில் வாங்கிப் பொருத்திய கேசட் ஸ்டீரியோதான் இருந்தது.

முதலில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை வைத்துப் பார்த்தோம். அது ஒரு குட்டி ரேடியோ நிலையம். ஐபாடில் ஓடுவதை ஒலிபரப்பும், கார் ரேடியோ அதைப் பிடிக்கும். ஆனால் காலியான அலைவரிசை வேண்டுமே! சென்னை நிலையம் ஒன்று மேலே ஏறிக்கொண்டது. சினிமாப் பாட்டுக்கு அடியில் யாரோ பேசுவதுபோல் இரண்டு வார்த்தை கேட்டது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நிறுத்திவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்கா மகன் ரிச்சி தெருவில் இந்தப் பொய்க் கேசட்டை வாங்கி வந்தான். வேலை செய்யும் விதம் எளிது. அசல் கேசட்டில் நாடாவின் காந்தப் பதிவை ஸ்டீரியோவின் ஹெட் படிக்கும். இதில் நாடா இருக்கும் இடத்தில் இன்னொரு சின்ன ஹெட் இருக்கிறது. ஐபாடிலிருந்து ஒயர் வழியாக வரும் ஒலி, அதில் காந்த அலையாக மாறி, எதிரே உள்ள ஹெட்டுக்குத் தாவும். ஸ்டீரியோ தான் கேசட் படிப்பதாகவே நம்பும். புதியவன் பழையவன் வேடத்தில்தான் வீட்டுக்குள் வர முடிந்தது. அம்மா கேசட்டில் போனாள், ஐபாடில் திரும்பினாள், மறுபடி கேசட் வேடத்தில் எங்களிடம் வந்தாள்.

என்ஜின் இரைச்சல் வேண்டாம் என்று சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினான். ஒரு இருக்கையில் அக்கா, மறு இருக்கையில் நான். காருக்குச் சொந்தக்காரனும் ஐபாடுக்குச் சொந்தக்காரனும் கடற்காற்றில் வெளியே நின்றார்கள். கொஞ்சம் இரைச்சல். பிறகு அம்மா.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, பசு கன்று போட்டது, குளிரில் காதைக் கட்டிக்கொள், காசு அனுப்பாவிட்டால் பரவாயில்லை, நீ வந்துவிட்டுப் போ. "ஒரு தடவை நம்ம வீட்டுல நீ..." என்று ஏதோ தொடங்கினாள். அப்போது குறுக்கே இளைஞன் ஒருவனின் எரிச்சலான குரல்: "போதும்மா, டேப் முடியப் போகுது, சீக்கிரம் முடி."

அது நான். அம்மா "சரிப்பா, வெச்சிடறேன்" என்றாள். டக் என்று சத்தம். அந்தப் பொத்தானை அழுத்தியதும் நான்தான். அதற்குப் பிறகு எதுவும் பேச்சில்லை, வெறும் நாடாவின் இரைச்சல் வெகு நேரம் ஓடியது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் நாடா. டேப் முடியவே இல்லை. எங்கேயோ புறப்படும் அவசரம் எனக்கு. அம்மா என்ன சொல்ல வந்தாள் என்று இனி யாரைக் கேட்பது?

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அப்ப சின்னப் பையன்டா" என்றாள். எனக்கு அப்போது வயது 27.

இன்றைய கார்களில் ஒயரும் இல்லை, கேசட்டும் இல்லை, ப்ளூடூத்தில் செல்போன் தானாகச் சேர்ந்துகொள்கிறது. நல்லதுதான். உங்கள் பரணில் பழைய கேசட் இருந்தால், நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும் முன் தெரிந்தவரிடம் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், செல்போனில் பதிந்துகொண்டு, அவர்களே நிறுத்தும்வரை பேச விடுங்கள்.

பொய்க் கேசட்டைப் பேத்தி கேட்டாள். கொடுக்கவில்லை. பீரோவிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.