மேற்கோளும் வாசகன் சுதந்திரமும்

1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணி ஆராய்ச்சியில் இறங்கியபோது, நச்சினார்க்கினியர் உரையில் மலிந்து கிடந்த மேற்கோள்களே அவருக்குப் பெருஞ்சிரமம் கொடுத்தன. எந்த நூலிலிருந்து எடுத்தவை என்பதை உரையாசிரியர் பெரும்பாலும் சொல்லவில்லை. மூலநூல்கள் வழக்கொழிந்துவிட்ட காலத்தில், அம்மேற்கோள்கள் ஊர்ப்பெயர் அழிந்த கைகாட்டி மரங்களாகவே நின்றன. திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து பெற்ற சங்கநூற் சுவடிகளைக் கட்டவிழ்த்து, கயிற்றில் கோத்த ஏடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்து, அம்மேற்கோள்களுள் பலவற்றின் இருப்பிடத்தை அவர் கண்டறிந்தார்.

1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாவதற்கு முன்பே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் வெளிவந்துவிட்டன. இத்தகைய பதிப்புகளில் வேறொரு நூலைச் சுட்டும் ஒப்புமைக் குறிப்பைக் காண்பவன், உடனே அந்நூலை எடுத்துப் பார்க்கலாம். கையிலிருப்பதை முடித்தபின் பார்க்கலாம். பாராமலே மேற்செல்லவும் செய்யலாம். வழியைக் காட்டுவது பதிப்பாசிரியன் கடமை, போகும் விதத்தை நிர்ணயிப்பது வாசகன் உரிமை என்ற நியதி அங்கே சொல்லாமலே அமைந்திருந்தது.

நூற்றாண்டு கழித்து, இணையப் பக்கங்களின் இணைப்புகளில் அந்நியதி கலைந்தது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி, இணைப்பு எந்தச் சாளரத்தில் திறக்க வேண்டும் என்று பக்கம் அமைப்பவனே விதிக்கும் அதிகாரத்தை அளித்தது. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியாகிய எச்.டி.எம்.எல்.-இல், 1999-இல் வெளிவந்த 4.01 பதிப்பின் கண்டிப்பான வகை அதற்கு இடங்கொடுக்கவில்லை. அதே ஆண்டில் வலைப்பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன், புதுச்சாளரம் திறப்பதை வலைத்தள வடிவமைப்பின் பெரும்பிழைகளுள் ஒன்றாகக் கண்டித்தார். புதிய சாளரத்திற்கு முன்வரலாறு இல்லையாதலால், 'பின்செல்' பொத்தானை அழுத்தியவன் திகைத்து நிற்க நேர்ந்தது. ஆயினும் 2014-இல் நிறைவெய்திய எச்.டி.எம்.எல். 5 அவ்வதிகாரத்தை மீண்டும் அங்கீகரித்தது.

அமைப்பாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பயிர்க்காப்பீட்டு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய தஞ்சை விவசாயி, விளக்கக் குறிப்பைத் தொட்டவுடன் எழுதியதெல்லாம் மறைந்துபோனால், வாசகன் சுதந்திரம் பற்றிய உபதேசம் அவருக்கு என்ன பயன் தரும்? ஆனால் சாதாரண இணைப்பை அதே சாளரத்திலும் திறக்கலாம், விரலைச் சிறிது நேரம் அழுத்திப் புதுத்தாவலிலும் திறக்கலாம். புதுச்சாளரம் என்று விதிக்கப்பட்ட இணைப்போ எளிய தொடுகையில் இருந்த இடத்திலேயே திறக்கும் வசதியைப் பறித்துவிடுகிறது. எனவே, இணைப்பு திறக்கும் விதத்தை வாசகனிடமே விடுவதுதான் பொதுவிதியாக வேண்டும். எழுதியது அழியும் என்ற அபாயம் உள்ள இடத்தில் மட்டும், முன்கூட்டி அறிவித்து, அமைப்பாளர் அவ்விதியை மீறலாம்.