பிரிட்டனின் அஞ்சல் முத்திரைகளும் அவற்றைத் தொகுத்தவர்களும்

ஒரு கடிதம் எந்த அஞ்சலகத்தின் வழியாக, எந்த நாளில், எந்தக் கட்டணத்தில் சென்றது என்பதைக் காட்டுவதற்காக அதன் மேல் குத்தப்படும் அடையாளமே அஞ்சல் முத்திரை. அஞ்சல் தலையைச் செல்லாததாக்கும் பணி பின்னாளில்தான் இதனோடு சேர்ந்துகொண்டது. பிரிட்டனில் முதல் அஞ்சல் தலை வெளிவந்த 1840-க்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் முன்பே முத்திரை குத்தும் வழக்கம் தொடங்கிவிட்டது. ஆயினும் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் அதனை அஞ்சல் தலையின் முகத்தைக் கெடுக்கும் கறையாகவே கருதினர். நிருவாகம் தன் வசதிக்காகக் குத்திவிட்டு மறந்த இந்த அடையாளங்களைத் திரட்டி, ஊர்வாரியாகவும் வகைவாரியாகவும் வரிசைப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் ஊதியம் எதிர்பாராத ஆர்வலர்கள். அவர்களது உழைப்பு இல்லையென்றால் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் அன்றாட வரலாற்றில் பெரும்பகுதி இன்று படிக்க இயலாததாகவே இருந்திருக்கும்.

முதல் முத்திரை பிறந்ததற்குக் காரணம் ஒரு புகார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபோது, அஞ்சல் துறை அரசின் நேரடிப் பொறுப்பில் இல்லாமல் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஆண்டுக்கு 21,500 பவுன் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு அந்தக் குத்தகையை எடுத்த ஹென்றி பிஷப், கடிதங்களை ஊழியர்கள் வேண்டுமென்றே தேக்கிவைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1661-இல் அவர் அறிமுகப்படுத்திய சிறு வட்ட முத்திரை, நடுவே ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மேற்பாதியில் மாதத்தின் இரண்டெழுத்துச் சுருக்கத்தையும் கீழ்ப்பாதியில் தேதியையும் தாங்கியிருந்தது. கடிதம் அலுவலகத்துக்கு வந்த நாள் அதன் மேலேயே பதிந்துவிட்டால், அதனைத் தேக்கிவைத்தவர் தப்பிக்க முடியாது என்பதே இதன் கருத்து. இன்று பிஷப் முத்திரை என்றே அழைக்கப்படும் இவ்வடிவம் எடின்பரோ, டப்ளின் ஆகிய நகரங்களுக்கும், அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், பிற்பாடு கல்கத்தாவுக்கும் பரவியது. அதில் ஆண்டு குறிக்கப்படாததால், கடிதத்தினுள் எழுதியவர் இட்ட தேதி இல்லாவிட்டால், முத்திரையின் விட்டத்தையும் எழுத்து அமைப்பையும் அளந்துதான் காலத்தை ஓரளவு கணிக்க முடியும். முத்திரைகளை அளந்து வகைப்படுத்த வேண்டிய தேவை முதல் முத்திரையிலிருந்தே தொடங்கிவிட்டது என்று இதனால் கொள்ளலாம்.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1680-இல், வில்லியம் டாக்ரா என்ற வணிகர் லண்டன் நகருக்குள்ளேயே கடிதம் கொண்டுசேர்க்கும் ஒரு பென்னி அஞ்சலைத் தொடங்கினார். அதுவரை அரசின் அஞ்சல் ஊருக்கு ஊர் சென்றதேயன்றி, லண்டனின் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குக் கடிதம் கொண்டுசெல்லும் ஏற்பாடு அதில் இல்லை. கட்டணத்தைப் பெறுபவரிடம் வாங்குவதே அன்றைய வழக்கமாக இருக்க, டாக்ரா அனுப்புபவரிடமே ஒரு பென்னியைப் பெற்றுக்கொண்டார். ஆகவே, பணம் செலுத்தப்பட்டுவிட்டது என்று அறிவிக்கும் வாசகத்தை மூன்று பக்கங்களிலும் தாங்கிய முக்கோண முத்திரையை அவர் வடிவமைத்தார். அதன் நடுவில் கடிதத்தை ஏற்ற அலுவலகத்தின் முதலெழுத்து இருந்தது. கடிதம் புறப்பட்ட வேளையைக் காட்ட இதய வடிவில் தனியொரு முத்திரையும் குத்தப்பட்டது. அஞ்சல் வருவாய்க்கு உரிமை பெற்றிருந்த யார்க் கோமகன் தன் தனியுரிமை மீறப்பட்டதாக வழக்காடி, 1682-இல் இந்நிறுவனத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார். அரசு அதனை ஏற்று நடத்தியபோது முக்கோண வடிவத்தையும் உடன் எடுத்துக்கொண்டது. டாக்ராவின் இரண்டே ஆண்டுக் காலத்தைச் சேர்ந்த முத்திரைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே எஞ்சியுள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் முத்திரைகளின் நோக்கம் காலத்திலிருந்து கட்டணத்துக்கு மாறியது. அக்காலத்தில் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. 1812-ஆம் ஆண்டு விகிதப்படி ஒற்றைத் தாள் கடிதம் 15 மைலுக்குள் செல்ல நான்கு பென்ஸ், தாள் இரண்டானால் கட்டணமும் இரட்டிப்பு. 1784-இல் ஜான் பால்மர் அஞ்சல் குதிரை வண்டிகளை ஓட்டத் தொடங்கிய காலத்திலேயே, ஊர்ப்பெயரோடு லண்டனிலிருந்து அவ்வூர் எத்தனை மைல் என்பதையும் பொறித்த முத்திரைகள் தோன்றின. அந்த எண் நேர்கோட்டுத் தூரமன்று. அஞ்சல் சென்ற சாலைவழித் தூரம். எனவே வழித்தடம் மாறினால் எண்ணும் மாறியது. உளியால் எண்ணைச் செதுக்கி நீக்கிவிட்டு, வெறும் ஊர்ப்பெயரை மட்டும் தொடர்ந்து பயன்படுத்திய முத்திரைகளும் உண்டு. ஒரே ஊரின் முத்திரை எண்ணோடும், எண் மாறியும், எண் இன்றியும் கிடைக்கும்போது, அவற்றை வரிசையில் வைப்பவர் ஒரு சாலையின் வரலாற்றையே வரிசைப்படுத்துகிறார் என்பது மிகையன்று.

இதைவிடவும் சிறிய ஒரு குறி இன்னும் அதிகம் சொல்லும். ஸ்காட்லாந்தில் அஞ்சல் வண்டிகளுக்கு இருந்த சுங்கச்சாவடி வரிவிலக்கு நீக்கப்பட்டபோது, அந்தச் செலவை ஈடுசெய்ய 1813-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டுக்கு மேற்பட்ட சக்கரங்களுடைய அஞ்சல் வண்டியில் ஸ்காட்லாந்துக்குள் செல்லும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அரைப் பென்னி கூடுதலாக வசூலிக்கப்பட்டது. 1820-களில் லண்டனிலிருந்து எடின்பரோ சென்ற ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டால், உறை என்று தனியே ஏதும் இராது. எழுதிய தாளே நான்காக மடிக்கப்பட்டு அரக்கு வைக்கப்பட்டிருக்கும். முகவரியின் மேல் குமாஸ்தா பேனாவால் இழுத்த கட்டண எண் இருக்கும். அதன் அருகில் சிறு கட்டத்துக்குள் அரை என்ற பின்னம் குத்தப்பட்டிருக்கும். 1839 வரை நீடித்த இந்த அரைப் பென்னிக் குறி ஸ்காட்லாந்தின் ஊர்களில் பல்வேறு வடிவங்களில் இருந்தது. அவற்றைப் பிரித்தறிவதே தனியொரு ஆய்வுத் துறையாக வளர்ந்தது.

கடல்வழி வந்த கடிதங்களின் முத்திரைகளில் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தனியார் கப்பல் தலைவர்கள் கொண்டுவந்த கடிதங்கள் கரை சேர்ந்த துறைமுகத்தில் கப்பல் கடிதம் என்று குறிக்கப்பட்டன. கிழக்கிந்தியாவிலிருந்து வரும் கடிதங்களுக்கென 1815-ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் கட்டணம் வகுத்தபின், டீல், போர்ட்ஸ்மத் போன்ற துறைமுகங்களில் இந்தியக் கடிதம் என்ற வாசகத்தோடு துறைமுகத்தின் பெயரும் சேர்ந்த முத்திரைகள் பயன்பட்டன. சென்னையிலோ கொழும்பிலோ எழுதப்பட்ட கடிதம் இங்கிலாந்தின் எந்தக் கரையில் இறங்கியது என்பதை இம்முத்திரையிலிருந்து அறிய முடிகிறது. கப்பல் கடிதங்களுக்கென ஆலன் ராபர்ட்சன் 1950-களிலும் 1960-களிலும் உருவாக்கிய பெருந்தொகுப்பு இன்றும் அத்துறையின் அடிப்படை நூல்.

1840 ஜனவரி 10-ஆம் நாள் நாடெங்கும் ஒரே பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்து, அதே ஆண்டு மே மாதத்தில் கருப்புப் பென்னி அஞ்சல் தலை வெளியானதும் முத்திரைக்குப் புதிய கடமை ஒன்று ஏற்பட்டது. பயன்படுத்திய தலையை மீண்டும் ஒட்டி அனுப்ப இயலாதபடி அழிக்க வேண்டும். அதற்காக மால்டா சிலுவை எனப்படும் வடிவிலான முத்திரை சிவப்பு மையில் குத்தப்பட்டது. ஆனால் சிவப்பு மையை எளிதில் கழுவி நீக்க முடிந்தது. கருப்புத் தலையின் மேல் கருப்பு மை தெளிவாகத் தெரியாது. ஆகவே 1841-இல் தலையின் நிறத்தைச் சிவப்பாக மாற்றி மையைக் கருப்பாக்கினர். உலகின் முதல் அஞ்சல் தலையின் ஆயுள் ஓராண்டுக்குள் முடிந்ததற்கு முத்திரையின் மையே காரணமாயிற்று.

சேகரிப்பாளர்களின் உழைப்பு மிகுதியாகக் குவிந்தது 1844-இல் வந்த எண் முத்திரைகளின் மேல்தான். இம்முறையில் ஒவ்வோர் அஞ்சல் நகரத்துக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. எண்ணைச் சுற்றிலும் கிடைக்கோடுகள் அமைந்தன. கோடுகள் சேர்ந்து நீள்வட்டமாக இருந்தால் இங்கிலாந்து அல்லது வேல்ஸ், செவ்வகமாக இருந்தால் ஸ்காட்லாந்து, சாய்சதுரமாக இருந்தால் அயர்லாந்து. எண்கள் முதலில் அகரவரிசையில் கொடுக்கப்பட்டதால் பர்மிங்காம் 75, பிரிஸ்டல் 134, லீட்ஸ் 447, லிவர்பூல் 466, மான்செஸ்டர் 498 என்று ஏறுவரிசையில் அமைந்தன. புதிய அலுவலகங்கள் தோன்றத் தோன்ற இவ்வரிசை குலைந்தது. எண்கள் போதாமல் போனபோது ஆங்கில எழுத்துகளும் முன்னே சேர்க்கப்பட்டன. மூடப்பட்ட அலுவலகத்தின் எண் சிலவேளை வேறோர் ஊருக்குச் சென்றது. பிரிட்டனுக்கு வெளியே இயங்கிய பிரிட்டிஷ் அஞ்சலகங்களும் இவ்வரிசையில் இடம்பெற்றன: மால்டாவுக்கு ஏ25, ஜிப்ரால்டருக்கு ஏ26, இந்திய அஞ்சல் கடந்துசென்ற அலெக்சாந்திரியாவுக்கும் சூயஸுக்கும் முறையே பி01, பி02. கிரிமியப் போரின்போது படையோடு சென்ற அஞ்சலகம், இரு நட்சத்திரங்களுக்கிடையே மகுடம் பொறித்த முத்திரையைப் பயன்படுத்தியது.

இந்த எண் முத்திரையில் தேதி கிடையாது. ஊர்ப்பெயரும் தேதியும் கொண்ட மற்றொரு முத்திரை பெரும்பாலும் கடிதத்தின் பின்புறத்தில் குத்தப்பட்டது. இரண்டையும் ஒரே கைப்பிடியில் இணைத்த இரட்டை முத்திரைகள் 1853 முதல் வந்தன. அவற்றுள் முதலில் வந்தவை தோற்றத்தால் கரண்டி முத்திரைகள் என்றே அறியப்படுகின்றன. அதற்கு முந்தைய கடிதங்களில் தலையை மட்டும் வெட்டி எடுத்தவர் எண்ணைக் காப்பாற்றித் தேதியை எறிந்துவிட்டார். எண் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறியிருக்கக்கூடும் எனும்போது, தேதி இல்லாத எண் அரைகுறைச் சான்றாகவே நிற்கும். விக்டோரியா காலச் சேகரிப்பாளர்கள் இப்படி ஆயிரக்கணக்கான தலைகளை வெட்டிச் செருகேடுகளில் ஒட்டினார்கள். அஞ்சல் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்புகளில் இதற்கு ஈடானது வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முத்திரைகளை விரைவாகவே கடக்கலாம். 1838-இல் பர்மிங்காமுக்கும் லிவர்பூலுக்கும் இடையே ஓடும் ரயில் பெட்டியில் கடிதம் பிரிக்கும் பழக்கம் தொடங்கி 2004 வரை நீடித்தது. அப்பெட்டிகளுக்குத் தனி முத்திரைகள் இருந்தன. கண்காட்சிக்கென்றே வடிவமைக்கப்பட்ட முத்திரை 1862-ஆம் ஆண்டு லண்டன் பன்னாட்டுக் கண்காட்சியில் வந்தது. இயந்திரத்தால் முத்திரை குத்தும் சோதனைகளை ஒரே பென்னிக் கட்டணத்துக்கு வழிவகுத்த ரோலண்ட் ஹில்லின் மகன் பியர்சன் ஹில் 1857-இல் நடத்தினார். 1917 டிசம்பரில் போர்க்கடன் பத்திரங்களை வாங்கச் சொல்லும் வாசகம் முத்திரையில் இடம்பெற்றபின், விளம்பர வாசக முத்திரைகள் பெருகின.

இவற்றைத் தொகுக்கும் முயற்சி 1898-இல் டேனியல்ஸ் எழுதிய பிரிட்டிஷ் அஞ்சல் முத்திரைகளின் வரலாற்றோடு தொடங்கியது எனலாம். உறுதியான அடித்தளம் அமைத்தவர் அஞ்சல் தலைமையகத்தின் ஆவணக் காப்பறைப் பொறுப்பாளராக இருந்த ஜான் ஹெண்டி. 1905-இலும் 1909-இலும் அவர் வெளியிட்ட இரு நூல்கள் தொடக்கக் காலம் முதல் 1876 வரையிலான முத்திரைகளை விளக்கின. அவருக்கு ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றுள் மதிப்பு மிக்கவை மாதிரிப் பதிவேடுகள்: புதிய முத்திரை ஒன்றை ஊருக்கு அனுப்புமுன் அதனை ஏட்டில் ஒருமுறை குத்தி, அனுப்பிய தேதியைப் பக்கத்தில் கையால் எழுதிவைத்தனர். இன்று லண்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் உள்ள இவ்வேடுகளைப் புரட்டினால், ஒரே பக்கத்தில் பல ஊர்களின் முத்திரைகள் தேய்மானம் சிறிதும் இல்லாமல் கூர்மையாகப் பதிந்திருப்பதைக் காணலாம். ஆயினும் அனுப்பிய தேதி வேறு, பயன்பட்ட காலம் வேறு. சில முத்திரைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தன, சில உடைந்தன, சில உள்ளூரிலேயே செய்யப்பட்டு ஏட்டில் ஏறவே இல்லை. இந்த இடைவெளியை நிரப்பக் கடிதங்களை நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்த வேலையைச் சேகரிப்பாளர்கள் செய்தார்கள். ஜார்ஜ் புருமெல் 1844 முதல் 1906 வரையிலான எண்களுக்குரிய ஊர்களின் பட்டியலை வெளியிட்டார். ஆல்காக், ஹாலண்ட் இருவரும் 1940-இல் போருக்கு நடுவே வெளியிட்ட நூல் முத்திரைகளை வடிவ அடிப்படையில் பகுத்தது. வில்காக்ஸும் ஜேயும் பின்னர் பல தொகுதிகளில் வெளியிட்ட பட்டியலோ கவுண்டி எனப்படும் மாவட்டங்களை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வோர் ஊரின் கீழும் முத்திரைகள் எண்ணிடப்பட்டு, அறியப்பட்ட பயன்பாட்டுக் காலம் தரப்பட்டது. வடிவவாரிப் பட்டியல் தொடக்கநிலையாளர் கையிலிருப்பதை இனங்காண உதவும்; ஊர்வாரிப் பட்டியலே வரலாற்றாசிரியருக்குப் பயன்படும். விட்னியின் கையேடு போன்றவை எல்லா வகைகளையும் சுருக்கமாகத் தந்து புதியவர்களை ஈர்த்தாலும், அவற்றில் அச்சாகும் விலைகள் அரிதானதையும் முக்கியமானதையும் ஒன்றாகக் காணும் பழக்கத்தை வளர்த்துவிட்டன. ஆயிரக்கணக்கில் கிடைக்கும் மலிவான ஒரு முத்திரை, ஒரு கிராமத்துக்கு அஞ்சல் சேவை வந்த காலத்தை உறுதிப்படுத்தினால், அது அரிய முத்திரைக்குக் குறைந்ததன்று.

முத்திரையின் சான்றாற்றலுக்கு ஒரு மோசடி நிலையான எடுத்துக்காட்டாக உள்ளது. 1898-இல் சார்லஸ் நிசென் என்ற அஞ்சல் தலை வணிகர், பழைய தந்திப் படிவங்களிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு ஷில்லிங் பச்சைத் தலைகளில் சில போலியானவை என்று கண்டார்: தாளில் நீர்க்குறி இல்லை, மூலைகளில் இருந்த எழுத்துகள் சில அசல் தாளில் வரவே முடியாத சேர்க்கைகள். அத்தலைகளின் மேல் லண்டன் பங்குச் சந்தை அஞ்சலகத்தின் 1872-ஆம் ஆண்டுத் தேதி முத்திரை தெளிவாக இருந்தது. மக்கள் கட்டிய தந்திப் பணத்தை எடுத்துக்கொண்டு, படிவங்களில் போலித் தலைகளை ஒட்டும் வேலை அந்த அலுவலகத்துக்குள்ளேயே நடந்தது என்பது இருபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் வெளிப்பட்டது. தலை போலி என்பதைத் தாளும் எழுத்தும் காட்டின. குற்றம் நடந்த இடத்தையும் காலத்தையும் முத்திரை காட்டியது.

பர்மா, மலேயா, இலங்கை ஆகிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வந்த கடிதங்கள் தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் தலைகளை வெட்டவோ, நீரில் ஊறவைத்து உரிக்கவோ வேண்டாம். உறையின் முன்பக்கம், பின்பக்கம், உள்ளிருக்கும் தாள் ஆகிய மூன்றையும் பிரிக்காமல், அமிலமற்ற காகிதத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும்.