மாற்று ஓட்டுநரின் இருக்கை

‘நேஷனல் பெர்மிட்’ பெற்ற லாரிகளில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்தன. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் முழு அகலத்துக்கும் இன்னோர் இருக்கை அமைய வேண்டும் என்றும், மாற்று ஓட்டுநர் அதில் கால்நீட்டி உறங்க இயல வேண்டும் என்றும் அவ்விதி கூறியது. சாலையில் ஒருவர் விழிப்புடன் இருப்பதற்கு, அதற்கு முன்னர் அவர் உறங்கியிருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை இந்தியச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வுண்மை 1989இல் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. நாடு முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம், வேகம் ஆகியவையே அதன் முதன்மைக் கவலைகள். அதன் இடத்தில் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம், தன் 65ஆம் பிரிவில் ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு வரம்பிட்டது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டியவருக்கு அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. இன்று நடைமுறையிலுள்ள 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் அவ்வரம்பையே சுட்டியது.

ஆயினும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தியது. இந்தியாவில் லாரி வைத்திருப்போருள் பெரும்பாலோர் ஓரிரு வண்டிகளை மட்டும் உடையவர்கள். பலர் தாமே ஓட்டுபவர்கள். கடன் தவணையும், நடைக்கு இவ்வளவு என்ற கூலிமுறையும் அவர்களது நேரத்தைத் தீர்மானித்தன. 91ஆம் பிரிவின் வரம்பு எல்லாச் சரக்கு வண்டிகளுக்கும் உரியதே எனினும், இரவு நெடுஞ்சாலையில் விரையும் ஒருவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் வண்டியின் வெளியே தெரிவதில்லை.

இதற்கிடையே கவனத்தைக் கவரும் புதிய பொருளொன்று வந்து சேர்ந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. கால் நூற்றாண்டுக்குள் அக்கருவி ஏறத்தாழ ஒவ்வோர் ஓட்டுநரின் கைக்கும் வந்துவிட்டது. அதன் ஆபத்து மிகையாகச் சொல்லப்படுவதன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திரையை இரண்டு நொடி பார்க்கும் நேரத்தில் 33 மீட்டரைக் கடந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஓட்டும்போது கையில் செல்பேசியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலுள் சேர்த்து, முதன்முறைக் குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. 2020 அக்டோபர் முதல், கவனம் சிதறாத வகையில் வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்ற விலக்கு வந்தது.

கையிலுள்ள செல்பேசியைச் சாலையோரக் கேமரா படம்பிடிக்கும். கண்ணிமையின் கனத்தை அது படம்பிடிக்காது. நான்கு நொடி கண்ணயர்ந்தால் அதே வேகத்தில் கடக்கும் தொலைவோ 66 மீட்டருக்கும் மேல். செல்பேசித் தண்டனை கடுமையாவதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 2018 நவம்பரில், இரண்டு ஓட்டுநர்கள் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. வேலை நேர வரம்பு தொடரும் என்ற நிபந்தனையின் பேரில் ஒருவரே ஓட்டலாம் என்றானது. அந்த வரம்பை நடைமுறையில் காப்பாற்றிவந்தவர், நேரம் வந்ததும் முன்னிருக்கைக்கு மாறிக்கொண்ட அந்த இரண்டாமவரே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் ஒருவரின் தூக்கத்துக்குப் பலியாயினர் என்பதை விபத்துப் பதிவேடுகளைக் கொண்டு கணிப்பது கடினம். தூக்கம் தடயம் விட்டுச்செல்வதில்லை. 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். ஓட்டுநரின் உடலைச் சட்டம் மீண்டும் நினைத்துப் பார்த்ததன் அடையாளமாக இதைக் கொள்ளலாம். எனினும் அவருக்கு வேண்டிய ஓய்வை, வட இந்திய நெடுஞ்சாலைகளில் நெடுங்காலமாகத் தந்துவருவது தாபாக்களின் முற்றத்தில் கிடக்கும் கயிற்றுக்கட்டில்களே. உண்டவர் சிறிது படுத்தெழலாம் என்ற அவ்வழக்கத்தை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை.