கிளைத்தல் நிகழ்முறைகளில் உச்ச மதிப்பு

துகள்கள் தற்செயலாகக் கிளைத்துப் பெருகி, ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும் அமைப்பு கிளைத்தல் நிகழ்முறை எனப்படும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லாவற்றையும் முந்தி நிற்கும் துகள் எங்கே இருக்கும் என்பது உச்ச மதிப்புக் கணக்கு. ஒழுங்கு குலைந்த பொருள்களில் மிகக் குறைந்த ஆற்றல் நிலையைக் காணவும் இதே கணிதம் உதவுகிறது. இத்துறைக்கு அடிப்படையான எண்ணும் முறை ஒன்றை வளர்த்ததில் சென்னைக்குச் சிறப்பான பங்கு உண்டு.

தோற்றம்

குடும்பப் பெயர்கள் வாரிசின்றி அற்றுப்போகும் வாய்ப்பை 1874-இல் கால்டனும் வாட்சனும் ஆராய்ந்தனர். 1937-இல் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் அண்டக் கதிர்ப் பொழிவை விளக்கியபோது இயற்பியலிலும் கிளைத்தல் இடம்பெற்றது. வேகமாக வரும் எலெக்ட்ரான் அணுக்கருவின் அருகே வேகம் தடைபட்டு ஃபோட்டானை உமிழ்கிறது. அந்த ஃபோட்டான் எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவ்விரண்டும் மீண்டும் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. இப்படி ஆற்றல் பங்கிடப்பட்டுக் குறைய, துகள்களின் எண்ணிக்கை பெருகிப் பின் தேய்கிறது.

சென்னைப் பள்ளி

பொழிவின் சராசரியைக் காண்பது எளிது, ஏற்ற இறக்கத்தைக் காண்பது கடினம். ஆற்றல் தொடர்ச்சியான அளவு என்பதால், 'இந்த ஆற்றலில் எத்தனை துகள்கள்' என்ற கேள்விக்கே பொருளில்லை. இச்சிக்கலைத் தீர்த்தவர் அல்லாடி ராமகிருஷ்ணன் (1923–2008). அரசியல் சட்ட வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகனான இவர், பாபாவிடம் பயின்று, பின் மான்செஸ்டரில் புள்ளியியலாளர் பார்ட்லெட்டிடம் ஆய்வு செய்தார். மிகச் சிறிய ஆற்றல் இடைவெளியில் ஒரு துகள் இருக்கும் வாய்ப்பு அந்த இடைவெளியின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டு இருக்கும் வாய்ப்பைப் புறக்கணிக்கலாம். தனித்தனியான இரு இடைவெளிகளில் ஒருசேரத் துகள்கள் இருக்கும் வாய்ப்பு, துகள்களுக்கிடையிலான தொடர்பைக் காட்டும். 1950-இல் வெளியான இம்முறை பெருக்கல் அடர்த்தி முறை எனப்படுகிறது. பாபாவும் அதே ஆண்டில் இதற்கு நெருங்கிய முறை ஒன்றை வெளியிட்டார். எனினும் பெருக்கல் அடர்த்தி என்ற பெயரும் அதன் பொது வடிவமும் ராமகிருஷ்ணனுக்கே உரியவை.

அபிராமபுரத்துக்கு அருகே, மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையிலிருந்த அவருடைய இல்லமான ஏகாம்ர நிவாஸில் 1950-களின் இறுதியில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு தொடங்கியது. 1960-இல் நீல்ஸ் போர் அங்கு வந்து மாணவர்களைச் சந்தித்தார். இம்முயற்சியின் பயனாக 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. சுப்பிரமணியன் சந்திரசேகர் தொடக்க விழாவில் பங்கேற்றார். ராமகிருஷ்ணன் 1983 வரை அதன் இயக்குநராக இருந்தார். அவருடன் ஆய்வு செய்த எஸ். கே. சீனிவாசன், பின்னர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்து, அடுக்குப் பொழிவுகள் பற்றிய நூலை 1969-இல் வெளியிட்டார்.

உச்சமும் ஒழுங்கின்மையும்

ஓர் எல்லைக்கு அப்பால் ஒரு துகளும் இல்லையென்றால், உச்சம் அந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். எனவே எண்ணிக்கைக் கணக்கிலிருந்தே உச்சக் கணக்கும் தொடங்குகிறது. ஆனால் சராசரி எண்ணிக்கை மட்டும் போதாது. துகள்கள் தற்செயலாக அலைந்தபடியே கிளைக்கும் பிரவுனியன் இயக்கத்தில் முன்னணித் துகளின் வேகத்தைச் சராசரியே சரியாகத் தந்துவிடும். நேரத்தின் மடக்கையைப் பொறுத்து அந்தத் துகள் பின்தங்கும் அளவைச் சராசரியால் தர முடியாது. பொது மூதாதையைக் கொண்ட துகள்களில் இப்பின்னடைவு, தொடர்பற்ற அதே எண்ணிக்கைத் துகள்களில் காணப்படுவதைப் போல் மூன்று மடங்கு என்பதை மௌரி பிராம்சன் 1978-இல் நிறுவினார்.

1988-இல் பெர்னார்டு டெரிடாவும் ஹெர்பர்ட் ஸ்போனும் இதை ஒழுங்கற்ற அமைப்புகளோடு இணைத்தனர். மர வடிவப் பாதைகளில் செல்லும் பாலிமரின் ஆற்றலைத் துகளின் இருப்பிடமாகக் கொண்டால், மிகக் குறைந்த ஆற்றலுள்ள பாதையே உச்சத் துகளாகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே பாலிமர் அத்தகைய சில பாதைகளில் மட்டும் உறைந்துவிடுகிறது.

இன்றைய நிலை

சென்னையில் பிறந்து 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ். ஆர். எஸ். வரதனின், அரிய நிகழ்வுகளின் வாய்ப்பை மதிப்பிடும் பெருவிலகல் கோட்பாடும், இயற்பியலாளர் சத்ய மஜும்தார் முதலியோரின் ஆய்வுகளும் இத்துறையை வளர்த்துள்ளன. கணித அறிவியல் நிறுவனம் இப்போது தரமணியில் இயங்குகிறது.