டிவியோடு பேசக் கற்ற லேப்டாப்

1990களின் பிற்பாதியில் வெளிவந்த பல லேப்டாப்களின் விளிம்பில், கருஞ்சிவப்பு நிறத்தில் நகத்தளவு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். உள்ளே ஓர் அகச்சிவப்பு எல்இடி, பக்கத்திலேயே ஓர் ஒளியுணரி. டிவி ரிமோட்டின் முனையில் இருப்பதும் அதே வகை எல்இடிதான். ஆனாலும் லேப்டாப்பைத் தூக்கி டிவிக்கு நேரே காட்டினால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் இணங்க வைத்த பெருமை பெரும்பாலும் மென்பொருள் ஆர்வலர்களையே சேரும்.

இரண்டும் வேறு வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. ஜெனித் நிறுவனம் 1955இல் ஒளிக்கற்றையால் டிவியை இயக்கும் ‘ஃப்ளாஷ்மேட்டிக்’ கருவியைக் கொண்டுவந்தது. வெயில் பட்டாலே அது குழம்பியது. மறு ஆண்டே ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த மீயொலி ரிமோட் அதன் இடத்தைப் பிடித்தது. அகச்சிவப்பு பரவலானபோது பழைய வெயில் சிக்கலும் கூடவே திரும்பி வந்தது. அதற்குக் கண்ட தீர்வுதான் ஊர்தி அலை. ரிமோட்டின் ஒளி வெறுமனே எரிந்து அணைவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. பிலிப்ஸின் ஆர்சி-5 முறைக்கு 36 கிலோஹெர்ட்ஸ், என்இசி முறைக்கு 38. அந்தத் துடிப்பு இல்லாத ஒளி எதுவானாலும் டிவியின் உணரி அதைப் பொருட்படுத்தாது.

லேப்டாப்பின் போர்ட் வந்த வழி வேறு. ஹெச்பி 1990இல் வெளியிட்ட 48எஸ்எக்ஸ் கால்குலேட்டர்கள் அகச்சிவப்பு வழியே ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொண்டன. 1993இல் பல நிறுவனங்கள் கூடி ஐஆர்டிஏ என்ற சங்கத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு வந்த அதன் முதல் தரநிலை ஹெச்பியின் முறையையே அடித்தளமாகக் கொண்டது. ஒரு மீட்டர் தூரம், நொடிக்கு 1,15,200 பிட் வேகம். இதில் ஊர்தி அலை கிடையாது: 0 என்றால் ஒரு மின்னல், 1 என்றால் இருள்.

இந்த வேறுபாட்டைத் தாண்ட உதவியது ஓர் எளிய வகுத்தல் கணக்கு. 1,15,200ஐ மூன்றால் வகுத்தால் 38,400. அதாவது மூன்று பிட்டுக்கு ஒரு முறை 0 வந்தால், போர்ட்டின் எல்இடி 38.4 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். டிவிக்கு அது போதும். சீரியல் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 0, பின்னால் ஒரு 1 தானாகவே சேரும். எட்டு பிட் எழுத்தானால் மொத்தம் பத்து. மூன்றால் வகுபடாது, எழுத்துக்கு எழுத்து தாளம் தப்பும். ஏழு பிட்டாக மாற்றினால் மொத்தம் ஒன்பது. அப்போது இடது சதுர அடைப்புக்குறி என்ற ஒரே எழுத்தை அனுப்பினால் 011011011 என்று வரிசை சீராக அமைகிறது: ஓர் எழுத்துக்கு மூன்று மின்னல். என்இசி ரிமோட்டின் அடிப்படைத் துடிப்புக் கொத்து 560 மைக்ரோநொடி, அதற்குள் 21 துடிப்புகள். ஏழு அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து அனுப்பினால் அதே 21 துடிப்பு, 547 மைக்ரோநொடியில். தகவல் அனுப்பப் பிறந்த கருவி, வன்பொருளில் கைவைக்காமலே ரிமோட்டாகிவிட்டது. இவ்வளவு அழகான தீர்வு கணிப்பொறி வரலாற்றில் அடிக்கடி அமைவதில்லை.

லினக்ஸின் ரிமோட் மென்பொருளான ‘லிர்க்’ இந்த உத்தியைத்தான் ஐஆர்டிஏ போர்ட்டுக்கான தன் எஸ்ஐஆர் இயக்கியில் பயன்படுத்தியது.

குறைகளும் இருந்தன. 26 மைக்ரோநொடிச் சுழற்சியில் ரிமோட்டின் எல்இடி கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ எரியும். ஐஆர்டிஏ எல்இடி எரிவது 1.6 மைக்ரோநொடி மட்டும். அதன் அலைநீளம் 850 முதல் 900 நானோமீட்டர், டிவி உணரி எதிர்பார்ப்பதோ பெரும்பாலும் 940. ஆகவே டிவிக்கு அருகே போய்த்தான் லேப்டாப்பைக் காட்ட வேண்டியிருந்தது. ரிமோட்டின் ஆணையை லேப்டாப் பெறுவது இன்னும் கடினம். வந்து விழும் எழுத்துகளுக்குப் பொருளே இராது; அவை வந்த நேர இடைவெளியை அளந்தே குறியீட்டை ஊகிக்க வேண்டும். அதனால்தான் பலர் சீரியல் போர்ட்டில் டிஎஸ்ஓபி1738 போன்ற மூன்று கால் உணரியைத் தாங்களே பற்றவைத்துக்கொண்டார்கள்.

வருத்தம் தருவது இன்னொன்று. நேஷனல் செமிகண்டக்டரின் பிசி87108 போன்ற சில அகச்சிவப்புச் சிப்களில் ரிமோட் முறை உள்ளேயே அமைந்திருந்தது. வன்பொருளில் வசதி காத்திருந்தும், அதைத் தொட மென்பொருள் வராததால் பெரும்பாலோருக்கு அது பயன்படாமலே போனது.

லேப்டாப்பும் அகச்சிவப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2005இல் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் ஆடம் லாரி உரக்கச் சொன்னார். லேப்டாப்பிலிருந்து குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தால் ஹோட்டல் டிவி அமைப்பின் மறைவான பக்கங்களுக்குள் நுழையலாம் என்று காட்டினார். ரிமோட்டின் ஆணையை யார் அனுப்பினார் என்று டிவி கேட்பதே இல்லை என்ற பலவீனம் அங்கே வெளிப்பட்டது.

அதற்குள் புளூடூத்தும் யுஎஸ்பியும் தகவல் பரிமாற்றத்தை எடுத்துக்கொண்டன. ஆப்பிள் தன் முதல் ஐமேக்கில் 1998இல் வைத்த ஐஆர்டிஏ போர்ட்டை அடுத்த ஆண்டே நீக்கிவிட்டு, 2006இல் மேக்புக் ப்ரோவில் அகச்சிவப்பை வேறு வேலைக்குத் திரும்பக் கொண்டுவந்தது. இம்முறை ரிமோட்டின் ஆணையைப் பெறும் உணரி மட்டும், கூடவே ஆறு பொத்தான் கொண்ட சிறு ரிமோட். ஒரே அறையில் இரண்டு மேக் இருந்தால் இரண்டும் கீழ்ப்படிந்ததால், ஒரு ரிமோட்டை ஒரு கணினியோடு மட்டும் இணைக்கும் வழியும் தேவைப்பட்டது. 2012இல் வந்த ரெட்டினா மாடலில் அந்த உணரியும் இல்லை. லினக்ஸ் கர்னல் 2018இல் ஐஆர்டிஏ நிரல்களை முற்றிலும் நீக்கியது. ரிமோட்டுக்கான பகுதி மட்டும் தொடர்ந்தது.

ரிமோட் வேலை பின்னர் போனுக்குப் போனது. சாம்சங் கேலக்ஸி எஸ்4, ஹெச்டிசி ஒன் ஆகியவை 2013இல் அகச்சிவப்பு எல்இடியோடு வந்தன. அதே ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 4.4இல் செயலிகளுக்கென ஓர் அதிகாரபூர்வ வழி திறக்கப்பட்டது. செயலி தர வேண்டியவை இரண்டே: ஊர்தி அலையின் அதிர்வெண், எரிதலும் அணைதலும் எத்தனை மைக்ரோநொடி என்ற பட்டியல்.